தனம் சொன்ன தூரம்

பினாங்கு போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் தாம்பரத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். டூரா சார்? கடற்கரை நன்றாக இருக்குமாமே? இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு அறுபத்து மூன்று வயதில் என்ன டூர்? என் தங்கை தனம் இறந்துபோனாள். அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடப் போனேன். சந்தோஷமான பயணக் கட்டுரை வேண்டுமென்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குத் தங்கை மகள் பவானி போன் செய்தாள். அங்கே அப்போது ஏழரை. சளிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன தனம் மூன்றாம் நாள் நெஞ்சில் நீர் கோத்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம், பதறுவான் என்று சொல்லி வைத்திருந்தாளாம். பவானி அழுது முடிக்கும்வரை நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன்.

"பாப்பா, நான் சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். கோடியோட வர்றேன். நான் வர்ற வரைக்கும் எடுக்க வேண்டாம்னு சொல்லு."

"சரி மாமா" என்றாள். மறுபடியும் "சரி மாமா" என்றாள்.

கட்டிக்கொடுத்த பெண் போய்விட்டால் அவளைக் கடைசியாகப் போர்த்துவது பிறந்த வீட்டுப் புடவை. கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போட வேண்டும். பெரிய குடும்பமாக இருந்தால் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் போடுவார். எங்கள் வீட்டில் பிறந்தது இரண்டே பேர். எனக்கு அவள், அவளுக்கு நான். அப்பா அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு போவதற்கு உலகத்தில் வேறு ஆளே கிடையாது.

விடியற்காலையில் எந்தத் துணிக்கடை திறந்திருக்கும்? என் மனைவி பீரோவைத் திறந்து தீபாவளிக்கு வாங்கி இன்னும் கட்டாத அரக்கு நிறப் பட்டுப் புடவையை எடுத்துத் தந்தாள். கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் ஒரு பையில் போட்டாள். அவளும் வரத் துடித்தாள், ஆனால் அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்ததற்குக் காரணமே தனம்தான். ஆறு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எடுக்க வைத்தாள். ஒரு தடவையாவது வாண்ணே என்றாள். அந்தப் பாஸ்போர்ட்டில் அன்றுவரை ஒரு முத்திரைகூட விழவில்லை.

டிக்கெட் கிடைத்த கதை யாருக்கும் வேண்டாம். கிடைத்தது. விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பாய். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். பினாங்கில் ஜார்ஜ் டவுனில் இருபது வருஷமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மடியில் நான் அணைத்துப் பிடித்திருந்த பையைப் பார்த்து மேலே வைக்கச் சொன்னார். இது என்னவென்று சொன்னேன். அவர் வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு எனக்குத் தைரியம் சொல்கிற நல்லெண்ணத்தில்தான் பேச ஆரம்பித்தார். கவலைப்படாதீங்க அண்ணே, நாலு மணி நேரம்கூட முழுசா ஆகாது, நான் வருஷத்துக்கு நாலு தடவை வந்து போறேன், ஒரு தூக்கம் போட்டு எழுந்தா தீவு வந்துடும் என்றார்.

நாலு மணி நேரம். இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாமல் இருந்தது என்று இப்போது சொன்னால் அது பொய். ஆனால் முப்பத்தோரு வருஷமாகத் தனம் கூப்பிடும்போதெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான். அவ்வளவு தூரம் எப்படிம்மா வர்றது, கடையை யார் பாக்கறது? போன வருஷம் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குத் திருநெல்வேலி போனேன். பஸ்ஸில் பதினோரு மணி நேரம். முணுமுணுக்காமல் போனேன், திரும்பி வரும்போது அல்வா வேறு வாங்கி வந்தேன். அந்த நேரத்தில் பினாங்குக்குப் போய், தங்கை கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியே வந்திருக்கலாம். இந்தக் கணக்கைக் கடலுக்கு மேலே உட்கார்ந்து போட்டேன். அதற்குப் பிறகு பாய் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

விமானப் பெண் ஒரு காகிதக் குவளையில் உப்புமா ரவையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். எட்டு நிமிஷம் மூடி வைக்கச் சொன்னாள். துக்கத்திலும் பசிக்கிறது, அதுதான் மனுஷன். கிளறிக் கிளறித் தின்றேன்.

இறங்கிய இடத்தில் முதல் இடி. வருகை அட்டை என்று ஒன்று, காகிதத்தில் இல்லை, கைபேசியிலேயே முன்னதாக நிரப்பிவிட்டு வர வேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் அன்றைக்குக் காதில் விழுந்திருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி கையை ஓரமாகக் காட்டினார். என் கைபேசி அந்த ஊர்க் காற்றில் செத்துக் கிடந்தது. முன்னால் போய்விட்ட பாய் திரும்பி வந்தார். அவரை வெளியே குடும்பமே எதிர்பார்த்து நின்றது. அவருடைய போனில் என் பெயர், என் அப்பா பெயர், தனத்தின் முகவரி எல்லாவற்றையும் தட்டித் தட்டி நிரப்பினார். எழுத்து ஒன்று தப்பி மறுபடி முதலிலிருந்து. முக்கால் மணி நேரம் போயிற்று. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று என்னைக் கேட்டார். அங்கே கொடுத்திருந்தவற்றில் சாவு இல்லை. சொந்தக்காரர்களைப் பார்க்க என்று போட்டார்.

பாயே ஒரு காரையும் வரவழைத்து, ஓட்டி வந்த சீன அம்மாளிடம் மலாயில் எல்லாம் சொல்லி என்னை ஏற்றிவிட்டார். விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸ் முழுக்கத் தொழிற்சாலைகள். ஷிப்ட் விடுகிற நேரம் போலிருக்கிறது, கம்பெனி பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. சென்னையில் என்றால் ஹார்ன் சத்தத்தில் காது கிழிந்திருக்கும். இங்கே ஒருத்தரும் அடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த மரியாதைமேலேயே கோபம் வந்தது. யாராவது அடியுங்களேன், நகருங்களேன் என்று இருந்தது. சீன அம்மாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து "காசியான்" என்றாள். பாவம் என்று அர்த்தமாம். பிறகு பவானியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தனம் வீடு இருக்கும் சுங்கை பினாங்கில் அடுக்குமாடிகள் எல்லாம் ஒரு அச்சில் வார்த்த மாதிரி நிற்கின்றன. அம்மாள் இறக்கிவிட்ட கட்டடத்தில் ஒன்பதாவது மாடிக்கு ஏறி, முகவரி எழுதிய காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்துக் கதவைத் தட்டினேன். தலையில் துணி சுற்றிய ஒரு மலாய்ப் பெண் திறந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை, இரண்டு பேருக்கும். நான் பையைத் திறந்து புடவையையும் மஞ்சளையும் காட்டினேன். அவளுக்கு என்ன விளங்கியதோ, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்னை லிப்டில் கீழே கூட்டிப்போய், எதிர்க் கட்டடத்தைக் காட்டினாள். அதன் அடியில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஓடினேன்.

வீட்டுத் தரை முழுக்க ஈரம். கழுவிவிட்டிருந்தார்கள். கூடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியில், குளித்த தலை காயாமல், தனத்தின் கணவருடைய அண்ணன் ராமையா உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயசு. அந்தக் குடும்பத்தில் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப்போய் எழுந்தார்.

"என்ன தம்பி, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

தங்கை வீட்டு வாசலில் கோடிப் புடவையோடு நிற்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? குத்திக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். தனம் எங்கே என்றேன். இரண்டு மணிக்கே எடுத்தாயிற்று, மின்மயானத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். அப்போது மணி ஐந்தேகால். இரண்டு மணி என்றால் நம் ஊரில் பதினொன்றரை. அந்த நேரத்தில் நான் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன்.

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னேனே, மூன்று மணி நேரம் பொறுக்க முடியாதா, என் தங்கை என்ன அழுகிப்போகிற காய்கறியா என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராமையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தனத்தின் கணவர் குணசேகரன், கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்த களைப்பில் நின்ற இடத்திலேயே என் தோளில் சாய்ந்துகொண்டார். பவானி சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அதுவும் எனக்கு வலித்தது.

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மேல்மாடிச் சீனக் குடும்பம் வறுத்த மீஹூனைப் பழுப்புத் தாளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. நம் ஊர்ச் சேமியா மாதிரி, ஆனால் இனிப்பில்லை, காரமுமில்லை, ஒன்றுமில்லை. வெங்காயம் பூண்டு போடவில்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்நியர்கள் இத்தனை நினைத்துப் பார்த்துச் செய்கிறார்கள், சொந்தக்காரர்களுக்கு மூன்று மணி நேரம் காத்திருக்கத் தோன்றவில்லை என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை எலும்பு பொறுக்கினோம். அதை எழுத வேண்டாம். என் தங்கை நல்ல உயரம், அது ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு சட்டிக்குள் அடங்கிவிட்டாள்.

சட்டியைப் படகில் எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விடுவது அங்கே வழக்கம். போட முடியாமல் போன புடவையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. செத்தவளுக்கென்று எடுத்ததை உயிரோடு இருப்பவர்கள் கட்டவும் கூடாது. அதையும் கடலிலேயே விட்டுவிடலாம் என்று எடுத்துப் போனேன். படகுக்காரர், வயசான மலாய்க்காரர், பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். துணி கூடாது, படகு விசிறியில் சுற்றிக்கொள்ளும், போன மாதம்தான் ஒருத்தன் மாட்டினான் என்று சொன்னதாகக் குணசேகரன் மொழிபெயர்த்தார். நான் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு படகில் அசடு மாதிரி நின்றேன். யாரோடு சண்டை போடுவது? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அப்போது ராமையா என் கையிலிருந்து புடவையை வாங்கினார். முந்தானை ஓரத்தைப் பல்லில் கடித்து ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்தார். "இத வச்சு சட்டி வாய நீங்களே கட்டுங்க தம்பி" என்றார். கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. சட்டி கொஞ்ச தூரம் மிதந்து, சாய்ந்து, அரக்கு நிறத்தோடு உள்ளே போயிற்று. ஆறு கெஜத்தில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு சாண். அதையும் எனக்கு வழி பண்ணிக் கொடுத்தது நான் முந்தின நாள் கத்தித் தீர்த்த ஆள். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் குறையவில்லை.

திரும்பும் வழியில் குணசேகரன் ஒரு கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை உண்டு. இனிப்பு வேண்டாம் என்று தமிழில் சொன்னேன், கடைக்காரரும் தமிழில் சரி என்றார். வந்தது, கெட்டிப்பாலில் குளித்த பாயசம். "தே ஓ கோசோங்"னு சொல்லணும் மச்சான், பாலும் இல்ல சீனியும் இல்ல என்று குணசேகரன் விளக்கினார். வெறுந்தேநீர் என்பதற்கு இவ்வளவு நீளப் பெயர். இதையெல்லாம் தனம் ஊருக்கு வரும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் கல்லாவில் நோட்டைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பவானி என்னைக் காரில் வெளியே கூட்டிப்போனாள். அவள் பாயான் லெப்பாஸில் ஒரு கம்ப்யூட்டர் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலையில் இன்ஜினியர். இருபத்தெட்டு வயசு. அம்மா மாதிரியே கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறாள். தண்ணீர்மலைக்குப் போனோம். முப்பத்தோரு தைப்பூசத்துக்கும் தனம் என்னைக் கூப்பிட்ட இடம் அதுதான். படி ஏறினா முருகன், திரும்பினா கடல், ஒரு தடவ வாண்ணே. மலை நேரே நின்றது, படிகள் சுத்தமாக இருந்தன, கூட்டமே இல்லை. ஏற முடியாது. தங்கை செத்த தீட்டு இருக்கிறது. இத்தனை வருஷம் வராதவன், வந்த பிறகும் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். காரிலிருந்து இறங்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

பவானி வண்டியை அணைத்தாள். ஒண்ணு சொல்லணும் மாமா, கோவப்படாதீங்க என்றாள்.

"எனக்குக் காது குத்துனப்ப நீங்க வரல. மடியில ஒக்கார வைக்க மாமன் எங்கன்னு எல்லாரும் கேட்டாங்களாம். பெரியப்பா சும்மா இல்லாம, என்னா தனம், ஒன் அண்ணன் எட்டிப் பாக்க மாட்டாரான்னு கேட்டுட்டாராம். அப்ப அம்மா சொல்லிட்டாங்க, மெட்ராஸ்லேருந்து இங்க வர ரெண்டு நாளாவும், பிளேன் மாறி மாறி வரணும், எங்கண்ணன் எப்படி வரும்னு. அதுலேருந்து அப்படியேதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. நான் வயசுக்கு வந்தப்பவும் அதான் சொன்னாங்க."

பெரியப்பா எப்படி நம்பினார் என்று கேட்டேன். அவர் விமானத்திலேயே ஏறினதில்லை, பாஸ்போர்ட்டே கிடையாது என்றாள். அவருடைய தாத்தா கப்பலில் ஒரு வாரம் வந்தவர். கப்பலுக்கு ஒரு வாரம் என்றால் பிளேனுக்கு இரண்டு நாள் என்பது அவருக்குச் சரியாகத்தான் பட்டிருக்கிறது. தனம் விடாமல் அந்தப் பொய்யைக் காப்பாற்றி வந்திருக்கிறாள். இந்தியாவுக்கு வரும்போதெல்லாம் இறங்கிய அன்று பெரியப்பாவுக்குப் போன் செய்யவே மாட்டாளாம். மறுநாள் சாயங்காலம்தான் செய்வாளாம், இப்பத்தான் வந்து சேந்தோம் அத்தான் என்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் அப்படிப் பேசியது எனக்கு ஞாபகம் வந்தது. என்னத்துக்குடி பொய் சொல்றே என்று நான் கேட்கக்கூட இல்லை. கவனிக்கவே இல்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னத நான் சொன்னேன் மாமா. மாமா சாயங்காலம் வந்துடுவாங்க, வச்சிருங்கன்னு. பெரியப்பா அழுதுட்டாரு. பாவம், ஒங்க மாமா மனசு கேக்காம சொல்றாரு, ரெண்டு நாள் பயணம், எப்படி வருவாரு, ஒங்கம்மாவே சொல்லுவாளேன்னாரு. ரெண்டு நாள் வச்சிருக்க முடியாது, ஒடம்பு தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நாலு மணி நேரம்தான்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க."

சொல்வதற்கு என்ன என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"அம்மா அங்கேயே படுத்திருந்தாங்க மாமா. இத்தன வருஷமா பொய் சொன்னாங்கன்னு அவங்க மொகத்துக்கு முன்னால நான் எப்படிச் சொல்றது?"

குணசேகரனுக்குத் தெரியாதா என்றேன். அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் எதையும் கேட்கிற நிலையில் இல்லை என்றாள். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகில் கையை வைத்தேன். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டிய குழந்தை. இருபத்தைந்து வருஷம் கழித்து இப்போதுதான் என் கை அவள்மேல் படுகிறது.

நான் கோபப்படவில்லை. யார்மேல் கோபப்படுவது? அந்தப் பொய்யைச் சொன்னது தனம், அவளைச் சொல்ல வைத்தது நான். என் அண்ணன் வர மனசில்லாதவன் என்று புகுந்த வீட்டில் சொல்ல முடியாமல், இரண்டு நகரங்களுக்கு நடுவில் இருக்கிற தூரத்தையே இழுத்து நீட்டி வைத்திருந்தாள். என் மானத்தைக் காப்பாற்ற அவள் நீட்டிய தூரம்தான் கடைசியில் அவள் முகத்தை நான் பார்க்க முடியாமல் செய்தது. நான் அதுவரை என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெறுமையை அனுபவித்ததில்லை. அப்பா இறந்தபோதும் இல்லை.

மிச்சப் புடவையைப் பவானி வாங்கி வைத்துக்கொண்டாள். கட்ட மாட்டேன், அம்மா அலமாரியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திரும்பும் விமானம். குணசேகரன் வீட்டில் விளக்கைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டார். பவானியோடு ராமையாவும் விமான நிலையத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்பு. அவ்வளவு நாள் அந்தத் தீவிலேயே இருந்தும் அவர் விமான நிலையத்துக்கு உள்ளே வந்ததில்லையாம். நகரும் படியைப் பார்த்துத் தயங்கி நின்று, பவானி கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். புறப்பாடுகள் பட்டியலில் ஊர்ப் பெயர்கள் மாறி மாறி வருவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் அவரிடம் செவ்வாய்க்கிழமை கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"தம்பி, மூணு நாளா மனசு அறுக்குது. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ரெண்டு நாளாவும்னு தனம் சொல்லும். நீங்க அன்னைக்கே வந்து நின்னுட்டீங்க. நெசமா எத்தன மணி நேரம்? நான் அவசரப்பட்டுட்டேனா?"

பவானி அசையாமல் நின்றாள். கிழவரின் கண்ணைப் பார்த்தேன். இரண்டு வருஷமோ ஐந்து வருஷமோ அவர் இருக்கப்போவது. தனம் என் தங்கை. அவள் சொன்ன வார்த்தை அவர் மனசில் பொய்யாகிப் போனால், போட முடியாமல் போன கோடியைவிட அது பெரிய குறை.

"நீங்க அவசரப்படலண்ணே. முந்தியெல்லாம் ரெண்டு நாள்தான். இப்பத்தான் புதுசா நேரா ஒரு பிளேன் விட்டிருக்காங்க. அது தனத்துக்கே தெரியாது."

அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். தோள் இறங்கியது. அதானே, அந்தப் புள்ள வாயில பொய் வராதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்காகத்தான்.

"இந்தப் பிளேன முந்தியே விட்டிருந்தா, நீங்க எத்தன தடவ வந்து அந்தப் புள்ளையப் பாத்திருப்பீங்க தம்பி."

ஆமாண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.